வலது காலின் தீர்ப்பு

ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியின் காரில், சொல்லிக்கொடுப்பவர் உட்காரும் பக்கத்திலும் ஒரு பிரேக் உண்டு. கற்றுக்கொள்கிறவர் எதிரே லாரியைக் கண்டதும் கண்ணை மூடிக்கொண்டால், பக்கத்தில் இருப்பவர்தான் அதை மிதித்து எல்லோரையும் காப்பாற்ற வேண்டும். இருபது வருஷத்துக்கும் மேலாக அந்தப் பிரேக்கின் மேல் வலது காலை வைத்தபடியே பிழைப்பு நடத்தியதால் அங்கே சொல்லிக்கொடுக்கும் பெண்மணிக்குப் பிரேக்கக்கா என்று பெயர் வந்துவிட்டது. வகுப்புக்கு வந்த யாரோ வைத்தது. பிறகு காய்கறிக்காரர், பக்கத்து வீட்டார், கடைசியில் சொந்தத் தம்பி வரை அப்படியே கூப்பிட ஆரம்பித்தார்கள்.

அக்காவுக்கு வயது ஐம்பதை நெருங்கிக்கொண்டிருந்தது. குட்டையான, அகலமான உருவம். அவர் சிரித்தால் நின்றுகொண்டிருக்கும் காரே குலுங்கும். பயந்தபடி வருகிறவர்களுக்கு அந்தச் சிரிப்பு பாதி மருந்து, திட்டு மீதி மருந்து. "ஸ்டியரிங்கைப் பிடிங்க சார், கழுத்தை நெரிக்காதீங்க. அது உங்களுக்கு என்ன துரோகம் பண்ணிச்சு?" என்பார். ஊரில் பாதிப் பேரைச் சாலையில் இறக்கிவிட்டவர் அவர். ஆனால் அவருக்கென்று சொந்தமாக ஒரு வண்டி கிடையாது. காலையில் பேக்கரி வைத்திருக்கும் கணவர் ரொட்டி வேனில் கொண்டுவந்து இறக்கிவிடுவார். மாலையில் பஸ். இளவயதில் தம்பியின் பைக்கை எடுத்துக்கொண்டு ஊர் சுற்றியதோடு சரி. அந்த ஆசை மட்டும் அடுப்பு அணைந்த பிறகும் சூடாறாத தட்டு மாதிரி உள்ளே இருந்துகொண்டிருந்தது.

அவரிடம் கார் கற்றுக்கொள்ள ஒரு நர்ஸம்மா வந்தார். ஆஸ்பத்திரியில் இருந்து ஓய்வு பெற்றவர். கணவர் இறந்து சில வருஷம் ஆகியிருந்தது. ரத்தத்தைக் கண்டு கண் சிமிட்டாதவருக்கு ரவுண்டானாவைக் கண்டால் கை வியர்த்துவிடும். இரண்டு முறை தேர்வில் கோட்டைவிட்டு, மூன்றாம் முறை தேறி, அந்தச் சூட்டோடு ஒரு சின்னக் காரும் வாங்கிவிட்டார். அதை வீட்டு ஷெட்டுக்குள் ஏற்றிக் காட்ட அக்காவையே அழைத்தார். ஷெட்டைத் திறந்தால் நட்ட நடுவில் தார்ப்பாய் போர்த்திய ஏதோ ஒன்று.

"ஐயோ, இது ஒண்ணு கிடக்கே! மறந்தே போயிட்டேன். அவரோட வண்டி" என்றார் நர்ஸம்மா.

தார்ப்பாயை விலக்கினால், உள்ளே ஒரு குட்டி பைக். பெரிய பைக்குகளுக்கு நடுவில் நிறுத்தினால் யார் வீட்டுக் குழந்தை என்று கேட்கத் தோன்றும். முட்டை வடிவ டேங்க், உருண்டை விளக்கு, மெலிந்த சக்கரங்கள். சுவருக்கு அடிக்கிற நீலப் பெயின்ட்டை யாரோ பிரஷ்ஷால் பூசியிருந்தார்கள். சீட்டின் பின்புறம், வளைத்துப் பற்றவைத்த ஒரு இரும்புச் சாய்மானம்.

அக்கா அதைச் சுற்றிச் சுற்றி வந்தார். நர்ஸம்மா அதைக் கவனித்துவிட்டார்.

"பேசாம நீங்க எடுத்துட்டுப் போயிடுங்களேன். இல்லைன்னா பழைய இரும்புக்கடைக்குத்தான் போகும்."

"என்னம்மா இப்படிச் சொல்றீங்க? அவர் ஞாபகமா இருக்கட்டுமே."

"அவர் ஞாபகத்துக்கு போட்டோ இருக்கு. போட்டோ தரையில எண்ணெய் ஒழுக்காது."

அன்று மாலையே தம்பி வந்து, தன் பைக்கில் கயிறு கட்டி இழுத்துப் போனான். சின்ன பைக்கின் மேல் அக்கா ராணி மாதிரி உட்கார்ந்து வந்தார். பேக்கரியின் பின்பக்கத்தில், மாவு மூட்டைகள் அடுக்கிய கூரைக்கடியில் அதற்கு இடம் கிடைத்தது. சண்டையும் அங்கேதான் ஆரம்பித்தது.

தம்பி வண்டிகளுக்குப் பெயின்ட் அடிக்கும் கடை வைத்திருந்தான். பைக்கை உருமாற்றித் தருவதில் அவனுக்கு நல்ல பெயர். வந்தவன் வண்டியை நிறுத்தவில்லை, அதற்குள் கையை வீசிக் காற்றிலேயே படம் போட ஆரம்பித்துவிட்டான். "ஹேண்டிலைக் கீழ இறக்கிடறேன். பின் மட்கார்டை வெட்டித் தூக்கிடலாம். சீட்டைத் தட்டையாக்கி, டேங்க்குக்கு ஆரஞ்சு. ரோட்டுல போனா நாலு பேர் திரும்பிப் பார்க்கணும்."

"நாலு பேர் காறித் துப்புவாங்க" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. அது அத்தான், அக்காவின் மூத்த சகோதரியின் கணவர். ஒரு அச்சகத்தில் பிழை திருத்துபவராக வாழ்நாளைக் கழித்தவர். உணவு விடுதிக்குப் போனால் சாப்பாட்டுப் பட்டியலில் இருக்கும் எழுத்துப்பிழைகளைத் திருத்திவிட்டுத்தான் சாப்பிடுவார். பழைய வண்டிகள் மேல் அவருக்குத் தீராத மோகம். எந்த மாடலுக்கு எந்த வருஷம் வால்விளக்கு மாறியது என்பதெல்லாம் அத்துப்படி.

"இது தொழிற்சாலையிலிருந்து எப்படி வந்துதோ அப்படியே இருக்கணும். ஒரு ஸ்க்ரூ மாறினாலும் அது எழுத்துப்பிழை" என்றார் அத்தான்.

"அத்தான், வண்டி ஓட்டுறதுக்கு. வாசிக்கிறதுக்கு இல்ல" என்றான் தம்பி.

"வெட்டி எறியுறதுக்கு உனக்கு ஒரு நிமிஷம் போதும். திரும்ப ஒட்ட உன்னால முடியுமா?"

அக்கா கணவரைப் பார்த்தார். அவர் கையெல்லாம் மாவோடு வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். "என்னைக் கேக்காதீங்க. பன் வேகும்போது அடுப்பை அடிக்கடி திறந்து பார்த்தா அமுங்கிடும். முடிவும் அப்படித்தான்" என்று சொல்லிவிட்டு நைசாக உள்ளே போய்விட்டார்.

அடுத்த சில வாரம் அக்காவின் மனசு ஊஞ்சலில் ஆடியது. அத்தான் பழைய விளம்பரப் படங்களைக் கொண்டுவந்து காட்டினால், ஆமாம், இப்படித்தான் இருக்க வேண்டும் என்று தோன்றும். மறுநாள் தம்பி கடையில் மெருகேறி நிற்கும் பைக்கைப் பார்த்தால் அதுவும் சரியாகத் தோன்றும். வகுப்பில் இருப்பவர்களிடமும் கேட்டுப் பார்த்தார். "இடதுபக்கம் இண்டிகேட்டர் போடுங்க... அப்புறம், பழசைப் பழசாவே வச்சுக்கறது நல்லதா, மாத்துறது நல்லதா?" குடும்ப விஷயம் என்று நினைத்துக்கொண்ட ஒருவர், "பேசித் தீர்த்துக்குங்க மேடம்" என்றார்.

இரண்டில் எது நடந்தாலும் முதலில் வண்டியைப் பிரிக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமைகளில் தம்பி பிரித்தான், அத்தான் ஒவ்வொரு நட்டையும் துடைத்து வைத்தார். இருவரும் ஓயாமல் கீரியும் பாம்புமாக இருந்தவர்கள், ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் ஒத்துப்போனார்கள். அது அந்த இரும்புச் சாய்மானம். மனைவி விழுந்துவிடக் கூடாதே என்று ஒரு மனிதர் தன் கையால் வளைத்துச் செய்தது. அதை எடுக்கக் கூடாது.

"இது பிழை இல்ல. ஆசிரியர் அடிக்குறிப்பு" என்று அத்தான் தன் சட்டத்தைத் தானே தளர்த்தினார். தம்பி அதைத் தேய்த்துத் தேய்த்துக் கண்ணாடி போல ஆக்கினான்.

நர்ஸம்மாவுக்குக் காட்டாமல் இருக்க முடியுமா? ஒரு ஞாயிறு அவரை வரச் சொன்னார்கள். அவர் காரை மூட்டைகளுக்கு மிக அருகில் கொண்டுவந்து, கொஞ்சம் யோசித்து, சரியாக நிறுத்தினார். அத்தான் ஒரு துணியை விலக்கிச் சாய்மானத்தைக் காட்டினார். எல்லோரும் நர்ஸம்மாவின் முகத்தையே பார்த்தார்கள். அக்கா கைக்குட்டையைக்கூடத் தயாராக வைத்திருந்தார்.

"அட, இந்தச் சனியனையா பளபளப்பாக்கி வச்சிருக்கீங்க?" என்றார் நர்ஸம்மா. "வண்டி ஒவ்வொரு பள்ளத்துல விழும்போதும் இது என் முதுகெலும்புல குத்தும். நான் கத்துவேன். அவரு, 'பழகிடும், பழகிடும்'ம்பாரு. கடைசி வரைக்கும் பழகல. முதல்ல இதைத் தூக்கிப் போடுங்க."

தம்பியின் முகம் சுண்டிவிட்டது. அத்தான் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். அக்காவுக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. நர்ஸம்மாவும் சேர்ந்து சிரித்தார். சிரிப்பு ஓய்ந்தபோது அவர் கண்ணோரம் கொஞ்சம் ஈரமாகத்தான் இருந்தது. போகும்போது, "நல்ல மனுஷன். முதுகைப் பத்தி மட்டும் ஒண்ணும் தெரியாது" என்று சொல்லிவிட்டுக் காரை எடுத்தார். சாய்மானத்தைத் தம்பி அன்றே கழற்றிவிட்டான்.

இதற்குள் எஞ்சினைத் தெருமுனை லேத்துக்காரர் பிரித்து, தேய்ந்ததை மாற்றி, உயிர் கொடுத்துவிட்டார். புதுப் பெயின்ட் இன்னும் ஏறாத உடம்போடு பைக் முதன்முதலாக டுப்புடுப்பென்று பேச ஆரம்பித்தது. அக்காவுக்குத் தலைகால் புரியவில்லை. பேக்கரியின் பின்சந்தில் ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துவிட வேண்டும் என்று ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டார்.

"ஒரு நிமிஷம், மச்சினி" என்றார் அத்தான். "இது பழைய முறை. கியர் வலது காலுக்கு. பிரேக் இடது காலுக்கு. இப்ப வர்ற வண்டிங்களுக்கு நேர் எதிர். ஞாபகம் வச்சுக்கோ."

"தெரியும் அத்தான், தெரியும். நான் எத்தனை பேருக்குச் சொல்லிக்குடுத்தவ!"

சந்தின் கோடி வரை போய்த் திரும்பி வரும் வரைக்கும் எல்லாம் தங்கமாகத்தான் நடந்தது. திரும்பி வரும்போது, கணவர் ஒன்றும் அறியாமல், சூடான பன்கள் அடுக்கிய தள்ளுவண்டியோடு பின்கதவு வழியாக வெளியே வந்தார். அக்காவின் வலது கால் யாரையும் கேட்கவில்லை. இருபது வருஷப் பழக்கத்தோடு ஓங்கி மிதித்தது. அங்கே இருந்தது கியர். வண்டி நியூட்ரலில் விழுந்து, பிடிமானம் விட்டு வழுக்கியது. கால் மறுபடியும் மிதித்தது, இன்னும் பலமாக. கையில் ஒரு பிரேக் இருப்பது நினைவுக்கு வருவதற்குள் ஹேண்டிலைத் திருப்பிவிட்டார். பன்கள் தப்பித்தன. மாவு மூட்டை தப்பவில்லை.

வெள்ளைப் புகை மாதிரி மாவு எழும்பி அடங்கியபோது, அக்கா மூட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தார். தலை முதல் கால் வரை வெள்ளை. முழங்கையில் கொஞ்சம் சிராய்ப்பு, அவ்வளவுதான். கணவர் ஓடிவந்து தூக்கினார். "அடிபட்டுச்சா? எங்க வலிக்குது?" என்று பதறியவர், ஒன்றுமில்லை என்று தெரிந்ததும், "கொஞ்சம் தண்ணி தெளிச்சுப் பிசைஞ்சா அடுப்புல வச்சிடலாம்" என்றார். அக்கா சிரித்த சிரிப்பில் இன்னொரு மூட்டை சரிந்தது.

"பரவாயில்ல. பழகினா வந்துடும்" என்றார் அத்தான், மாவைத் தட்டிவிட்டபடி.

அக்கா சட்டென்று சிரிப்பை நிறுத்தினார்.

"இல்ல அத்தான். நான் பழக மாட்டேன்."

"ஏன்? பழைய வண்டி ஓட்டுற எல்லாரும் பழகினவங்கதானே?"

"அவங்க வேலை வேற, என் வேலை வேற. காலையில இந்த வண்டியில வருவேன். வந்ததும் ஸ்கூல் கார்ல ஏறுவேன். பக்கத்துல ஒருத்தர் பயந்து நடுங்கிட்டு ஓட்டுவாரு. குறுக்க ஒரு குழந்தை ஓடிவந்தா இந்தக் கால் யோசிக்கவே கூடாது. வலதா இடதான்னு ஒரு கணம் குழம்பினாலும் அடிபடப்போறது நான் இல்ல. இந்தக் காலுக்கு நான் புதுசா எதையும் சொல்லிக்குடுக்க மாட்டேன். வண்டிதான் கத்துக்கணும்."

அத்தான் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, ஒட்டியிருந்த மாவைத் துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டார். இத்தனை வாரமாக ஆடிக்கொண்டிருந்த மனசு ஒரு மூட்டையில் மோதியதும் ஒரு பக்கமாக நின்றுவிட்டதை அக்காவே ஆச்சரியத்தோடு உணர்ந்தார்.

தம்பிக்குத்தான் தாங்க முடியாத சந்தோஷம். "அப்ப மாத்துறோம்! நாளைக்கே மட்கார்டை வெட்டிடறேன்."

"டேய், நான் என் காலைப் பத்திப் பேசினேன். வண்டியோட வாலைப் பத்திப் பேசல. ஹேண்டிலைக் கீழ இறக்கினா நான் குனிஞ்சு ஓட்டணும். குனிஞ்சா வயிறு டேங்க் மேல உக்காந்துக்கும். பழைய சீட்டு எனக்குன்னே அளவெடுத்த மாதிரி தாழ்வா இருக்கு. எனக்கு இடிக்கிறதை மட்டும் மாத்து. மத்தது எப்படி இருந்துச்சோ அப்படியே இருக்கட்டும்."

அத்தான் ஒரே ஒரு நிபந்தனை போட்டார். வண்டியின் இரும்புச் சட்டத்தில் ஓட்டை போடக் கூடாது, எதையும் அறுக்கக் கூடாது. நாளைக்கே யாராவது பழைய முறைக்குத் திரும்ப நினைத்தால் நட்டைக் கழற்றினால் போதும் என்று இருக்க வேண்டும்.

"ஓட்டை போடாம எப்படி சார் பிரேக்கை இந்தப் பக்கம் கொண்டு வர்றது?" என்று லேத்துக்காரர் தலையைச் சொறிந்தார். வண்டிக்குக் குறுக்கே ஒரு தண்டு செலுத்தி, வலது பெடலை மிதித்தால் இடப்பக்க பிரேக் பிடிக்கும்படி செய்ய வேண்டும். கியருக்கும் அதே மாதிரி எதிர்த்திசையில் இன்னொன்று. முதலில் செய்த தண்டு மெல்லியதாகிவிட்டது. அக்காவின் கால் பட்டதும் முறுக்கிக்கொண்டது. "காலா இது, சுத்தியலா?" என்றார் லேத்துக்காரர். இரண்டாவதைக் கனமாகச் செய்தால் சைலன்சரில் இடித்தது.

யாரும் எதிர்பார்க்காத ஒன்று அப்போது நடந்தது. மாற்றவே கூடாது என்று குதித்த அத்தான், லேத் கடையிலேயே பழியாகக் கிடக்க ஆரம்பித்தார். அளவுகோலும் பென்சிலுமாகத் தரையில் குந்தி உட்கார்ந்து, ஒரு மயிரிழை இடைவெளிக்காகக் கடைக்காரரோடு மல்லுக்கட்டினார். சாப்பிடக் கூப்பிட்டு மனைவி போன் செய்தால், "இதோ, அரை நூல் இடிக்குது, முடிச்சுட்டு வந்துடறேன்" என்பார். கடைசியில் சைலன்சரைச் சுற்றிப் போகும்படி தண்டை வளைக்கும் யோசனை அவருடையதுதான். அது பொருந்தி, பெடலை மிதித்ததும் பின்சக்கரம் கல் மாதிரி நின்றபோது, லேத்துக்காரரின் எண்ணெய்க் கையைப் பிடித்துக் குலுக்கு குலுக்கென்று குலுக்கினார்.

நிறம் மட்டும் பாக்கி இருந்தது. தொழிற்சாலைப் பட்டியலின்படி அரக்குச் சிவப்பு என்று அத்தான் அடித்துச் சொல்லியிருந்தார். தம்பி டேங்க்கின் அடிவயிற்றில் நீலத்தைச் சுரண்டினான். உள்ளே வெளிறிய பச்சை. பட்டாணியை உரித்ததும் தெரிகிற பச்சை. இன்னும் சில இடங்களில் சுரண்டினாலும் அதே பச்சைதான்.

"அத்தான், உங்க பட்டியல் தப்பு."

அத்தான் கோபப்படுவார் என்று நினைத்தால், அவர் முகத்தில் விளக்கு ஏற்றிய மாதிரி வெளிச்சம். "அச்சுப்பிழை! இத்தனை வருஷமா ஒருத்தனும் கவனிக்கல பாரு!" என்று துள்ளினார். ஆரஞ்சு, ஆரஞ்சு என்று அடம்பிடித்த தம்பி அந்தப் பச்சையைக் கலந்து பார்த்த பிறகு ஆரஞ்சைப் பற்றி வாயே திறக்கவில்லை. டேங்க்கின் மேல் முதல் பூச்சு காய்ந்தபோது அவனே அக்காவை போனில் கூப்பிட்டு, "சீக்கிரம் வந்து பாரு" என்றான்.

பழைய வண்டிகளின் கண்காட்சி ஒன்று ஊர் மைதானத்தில் நடந்தது. அத்தானின் வற்புறுத்தலால் பைக்கைக் கொண்டுபோனார்கள். 'மாறாதவை' பிரிவின் நடுவர் குனிந்து பார்த்தார். வலப்பக்கத்தில் பிரேக்கைக் கண்டதும் உதட்டைப் பிதுக்கி, 'மாற்றியமைத்தவை' பக்கம் கையைக் காட்டினார். அங்கே போனால் ஒவ்வொரு வண்டியும் பறக்கும் தட்டு மாதிரி நின்றுகொண்டிருந்தது. அந்த நடுவர், "இதுல என்ன மாத்தியிருக்கீங்க? பெடலா? அவ்வளவுதானா?" என்று சிரித்தார். இரண்டு பக்கமும் சேர்த்துக்கொள்ளவில்லை.

அத்தானுக்குக் காது மடல் சிவந்துவிட்டது. விதிமுறைப் பலகையில் இருந்த இரண்டு எழுத்துப்பிழைகளைச் சுட்டிக்காட்டிச் சண்டைக்கே போய்விட்டார். அக்கா அவர் கையைப் பிடித்து இழுத்துவந்தார். "விடுங்க அத்தான். உள்ள ஒரே புழுக்கம். வெளிய நின்னா காத்தாவது வரும்."

நுழைவாயில் ஓரத்தில் பைக்கை நிறுத்தினார்கள். வருகிறவர்கள் எல்லோரும் முதலில் பார்த்தது அதைத்தான். உள்ளே இருக்கும் வண்டிகளைக் கயிறு கட்டித் தடுத்திருந்தார்கள். இதைத் தொடலாம், உட்காரலாம், ஹாரன் அடிக்கலாம். கூட்டம் கூடிவிட்டது. தம்பியிடம் அதே பச்சையைத் தங்கள் வண்டிக்கும் அடித்துத் தரக் கேட்டு இரண்டு பேர் நம்பர் வாங்கிப் போனார்கள்.

கூட்டம் கலைந்த பிறகு அத்தான் பைக்கின் அருகில் தயங்கித் தயங்கி நின்றார்.

"மச்சினி, ஒண்ணு கேட்டா சிரிக்கக் கூடாது."

"சொல்லுங்க."

"எனக்கு ஓட்டத் தெரியாது. எந்த வண்டியும்."

அக்கா சத்தியமாகச் சிரிக்கவில்லை. வாயைப் பிளந்தார். "ஒவ்வொரு நட்டுக்கும் ஜாதகம் சொல்றீங்களே அத்தான்!"

"எல்லாம் படிச்சதுதான். உங்க அக்கா பயப்படுவான்னு சொல்லிச் சொல்லியே காலம் போயிடுச்சு. நிஜத்துல பயந்தது நான்தான்."

அக்கா ஹெல்மெட்டைக் கழற்றி அவர் தலையில் மாட்டினார். வாரை இறுக்கினார். "ஏறி உக்காருங்க. ஹேண்டிலைப் பிடிங்க. கழுத்தை நெரிக்காதீங்க." காலியாகிவிட்ட மைதானத்தில் அத்தான் நடக்கிற வேகத்தில் பைக்கை ஓட்டினார். முதல் தடவை அணைந்தது, இரண்டாம் தடவை துள்ளியது. அதன் பிறகு ஒரு முழு வட்டம் போய் வந்தார். தம்பி பக்கத்திலேயே ஓடி மூச்சிரைத்தான்.

பிறகு முறைப்படி அவரைத் தேர்வுக்கும் அக்காதான் அழைத்துப் போனார். எழுத்துத் தேர்வில் மற்றவர்கள் எல்லோரும் வெளியே வந்த பிறகும் அத்தானைக் காணவில்லை. கேள்வித்தாளில் இருந்த பிழைகளைச் சிவப்புப் பேனாவால் திருத்திக்கொண்டிருந்தாராம். அதிகாரி முதலில் முறைத்து, பிறகு இன்னொரு தாளையும் கொடுத்து, "இதையும் கொஞ்சம் பாருங்க சார்" என்றாராம். எப்படியோ உரிமம் கிடைத்துவிட்டது.

இப்போது வாரநாட்களில் பைக் அக்காவுடையது. காலையில் ரொட்டி வேனும் பச்சை பைக்கும் ஒன்றாகக் கிளம்பும். முதல் திருப்பத்தில் அக்கா ஹாரன் அடித்துக் கணவரை முந்திவிடுவார். சனிக்கிழமை மாலை அத்தான் வந்து சாவியை வாங்கிக்கொண்டு போவார். ஒரு சுற்று என்று சொல்லிப் போகிறவர் இருட்டுவதற்கு முன்னால் திரும்பியதாகச் சரித்திரம் இல்லை. போன வாரம், "இன்னொரு குட்டி வண்டி விலைக்கு வருது, பார்ப்போமா?" என்று அவராகவே கேட்டிருக்கிறார். அக்கா பேக்கரிக்குப் பின்னால் இடம் இருக்குமா என்று பார்க்கப் போனார். மூட்டைகளைக் கொஞ்சம் தள்ளி அடுக்கினால் இருக்கும் போலத்தான் தெரிந்தது.